ஞாயிற்றுக்கிழமை சைரன்

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? போன் எடுக்காத மலைமேல் உனக்கு வேலை போட்டாலும் போட்டார்கள், எனக்கு மறந்துபோன கையெழுத்து திரும்பி வந்துவிட்டது. என் வீட்டுக்காரராகிய உன் மாமாவுக்கு வலது கையும் காலும் அப்படியேதான் கிடக்கின்றன. பேச்சு மட்டும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. தெளிந்ததும் முதலில் சொன்னது, காபியில் சர்க்கரை பத்தவில்லை என்பது.

ஒரு செய்தி. சிரிக்கக்கூடாது. உன் அக்கா ஐம்பத்திரண்டு வயதில் பந்து விளையாடப் போகிறாள். எறிபந்து, பக்கத்துக்கு நாலு பேர். கம்பெனியில் காலர் தைக்கிற நாங்கள் ஐந்து பேர், பேக்கரிக்காரம்மா, பல் டாக்டரம்மா, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் மாமாவோடு வந்து உட்கார்ந்துகொள்வார். நான் ஓடிவிடுவேன்.

எங்கே தெரியுமா? பாலத்தடியில், காய்ந்த ஆற்று மணலில். விழுந்தால் முட்டி உடையாது. விழுந்ததைப் பார்க்கவும் ஆள் கிடையாது. வெட்கமில்லாமல் கத்தலாம். எங்களில் யாருக்கும் விசில் ஊத வராது. நாலரைக்கு நீ அங்கே அணையில் சோதனை சைரன் அழுத்துகிறாய் அல்லவா, அது பாலத்துக் கம்பத்திலும் ஊதுகிறது. அதுதான் எங்களுக்குப் பக்கம் மாறுகிற விசில். சைரன் கேட்டதும், "தம்பி ஊதிட்டாரு, மாறுங்கடி" என்று எல்லோரும் எதிர்ப்பக்கம் ஓடுவோம். உன்னை எங்கள் நடுவராக ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். குட்டிக்கு அத்தையின் முத்தம்.

உன் அக்கா

---

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம். மாமாவின் உடல்நிலை அறிந்து ஆறுதல். குட்டிக்குச் சளி பிடித்து விட்டது.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். அக்கா, அந்த மணலில் இறங்காதே. அது காய்ந்த இடம் இல்லை, தண்ணீர் வராத இடம், அவ்வளவுதான். ஆற்று வழியில் எனக்கும் உனக்கும் மூன்று கிலோமீட்டர். சாலை மலையைச் சுற்றி முப்பது கிலோமீட்டர் போகிறது, அதனால் நான் தூரத்தில் இருப்பதாக நினைக்கிறாய். மதகைத் தூக்கினால் தண்ணீர் பத்தே நிமிடத்தில் உன் காலடியில் நிற்கும்.

சைரனைக் கேட்டால் கரையேற வேண்டும். நீங்கள் பக்கம் மாறுகிறீர்கள். எட்டுப் பேருக்கும் அதைக் கேட்டதும் சிரிப்பு வரப் பழக்கியிருக்கிறாய். இதைப் படித்தபிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விளையாட வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இந்த வயதில் அது இல்லாமல் எதுவும் குறைந்துவிடாது.

மாமாவை விசாரித்ததாகச் சொல். உன் ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே.

தம்பி

---

ஜூலை 1

அன்புள்ள தம்பிப் பெரியவருக்கு,

நாற்பத்து நாலு வயதில் எண்பது வயதுக் கடிதம் எழுதுகிறாயே, அதனால் இந்தப் பட்டம். நலமா? குட்டியின் சளி போயிற்றா?

உன் என்ஜினீயர் ஆள் அனுப்பிப் பாலத்தடியில் போர்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நீதான் சொல்லியிருப்பாய். நல்ல உயரம், நல்ல பலகை. எங்கள் பைகளை எல்லாம் அதில்தான் மாட்டுகிறோம். டீச்சர் மட்டும் பைகளை விலக்கி ஒரு எழுத்து விடாமல் படித்தார். அவர் மருந்துச் சீட்டையே இரண்டு முறை படிக்கிறவர்.

வேறு இடம் பார்க்காமல் இல்லை. பள்ளி மைதானத்தில் ஒரு நாள் ஆடினோம். சுற்றுச்சுவரில் இருபது பேர் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பேக்கரிக்காரம்மா குதித்தபோது ஒருத்தன், "பூமி ஆடுது பார்றா" என்றான். அவர் அப்புறம் அங்கே வரமாட்டேன் என்றுவிட்டார்.

எதுவும் குறைந்துவிடாது என்று எழுதியிருக்கிறாய். நாலு வருஷமாக நான் மாமாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன், காலர் தைக்கிறேன், வந்து திருப்பிப் படுக்க வைக்கிறேன். போன மாதம் பந்தைப் பிடித்துவிட்டுச் சிரித்தேன். என்ன சத்தம் இது என்று எனக்கே புரியவில்லை, தம்பி. அவ்வளவு நாளாகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார்.

நீயும் குட்டியோடு கொஞ்சம் விளையாடு. உன் வீட்டுக்காரி போன கடிதத்தின் ஓரத்தில், "இவர் ஊஞ்சல்ல கூட ஏத்த விடமாட்டேங்கறாரு, அண்ணி" என்று எழுதியிருந்தாள். முன்பெல்லாம் நீ இப்படி இல்லையே.

சாப்பிடு. நன்றாகத் தூங்கு.

உன் அக்கா

---

ஜூலை 9

அக்காவுக்கு,

நலம். நலந்தானே.

மேலே மழை ஆரம்பித்துவிட்டது. நீர்மட்டம் தினமும் அரை அடி ஏறுகிறது. இந்த மழை முடியும்வரை எனக்கு லீவு கிடையாது. கிடைத்தால் நேரில் வந்து உன் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன்.

நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்துவிட்டது. வருகிற ஞாயிறு முதல் உங்கள் ஆட்டத்துக்கு நான் ஊதப்போவதில்லை. வேறு நடுவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவைக் கவனித்துக்கொள். அவருக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

தம்பி

---

ஜூலை 29

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம் என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மூன்று ஞாயிறு நீ ஊதவில்லை. நாலரைக்கு எட்டுப் பேரும் பந்தை வைத்துக்கொண்டு கம்பத்தை அண்ணாந்து பார்த்தோம். "உங்க தம்பிக்கு என்னங்க கோவம்?" என்று பல் டாக்டரம்மா கேட்டார். எனக்கு அவமானமாகப் போயிற்று. இப்போது டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துக் கை தட்டுகிறார், நாங்கள் பக்கம் மாறுகிறோம். ஆட்டம் நடக்கிறது. ஆனால் மனசில் ஒரு முள்.

மாமாவை இழுத்து எழுதினாயே, அது அதிகம். அவருக்கு என்னை விட்டால் யாரும் இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு விடியற்காலையும் தெரியும்.

உனக்கு என்னதான் ஆயிற்று? ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய அணையிலிருந்து திடீரென்று மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். அன்று முதல் நீ ஒரு சிரிப்பு சிரித்து நான் பார்க்கவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்பாய்.

நான் சண்டைக்காரி இல்லை. நீயாக வாயால் சொல்லவும் வேண்டாம். என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடி ஊதினால், உன் கோபம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வேன். அவ்வளவு போதும் எனக்கு.

குளிரில் காதை மூடிக்கொள். குட்டி ஏதாவது வரைந்தால் அனுப்பு.

உன் அக்கா

---

ஆகஸ்ட் 4, காலை

அக்கா,

நலமா என்று கேட்டு எழுதுவது வழக்கம். இன்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை உன் கடிதம் வந்தது. அன்றிரவே மலைச்சாலை சரிந்துவிட்டது. நேற்று மாலை நாலு இருபதுக்கு மதகு திறக்க உத்தரவு வந்தது. சைரன் பொத்தான்மேல் விரலை வைத்தபோது உன் கடைசி வரிதான் எதிரே நின்றது. நான் ஊதினால் கோபம் போய்விட்டது என்று நீ எடுத்துக்கொள்வாய். ஊதாமல் திறக்க முடியாது. ஊதினால் நீ நகரமாட்டாய்.

சோதனை என்றால் ஒரு ஊதல். திறப்பதென்றால் மூன்று. மூன்றும் ஊதினேன். இங்கிருந்து தலைமை அலுவலகத்துக்கு மட்டும் ஒரு லைன் உண்டு, அதில் போன் செய்து, பாலத்தடியில் ஆள் இருக்கிறது, போலீசுக்குச் சொல்லுங்கள் என்றேன். "சொல்றோம், நீங்க வேலையப் பாருங்க" என்றார்கள். என்ஜினீயரிடம் கூடப் பத்து நிமிடம் கேட்டேன். கொடுத்தார். அதற்குமேல் கேட்டால் அணைக்கு ஆபத்து. நாலே முக்காலுக்கு நானேதான் திறந்தேன்.

தண்ணீர் வெளியே விழுந்து ஏழெட்டு நிமிடம் ஆன பிறகும் கை தானாகப் போய் இன்னொரு முறை அழுத்தியது. அது விதியில் இல்லை. என்ஜினீயர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சோதனை ஊதலை நான் புதன்கிழமை காலைக்கு மாற்றியது கோபத்தில் இல்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை சைரன் கேட்டால் அது ஆபத்து மட்டுமாகத்தான் இருக்க வேண்டும் என்று மாற்றினேன். அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வீம்பு.

சாலை திறந்ததும் தபால் போகும். நீ நலமா?

தம்பி

---

ஆகஸ்ட் 7

அக்கா,

இன்னும் சாலை திறக்கவில்லை. முந்தின கடிதம் மேஜைமேலேயே இருக்கிறது. இதையும் அதோடு வைக்கிறேன்.

தலைமை அலுவலகத்தில் காலையும் மாலையும் கேட்கிறேன். நேற்று ஒருவர், "ஒரு லேடி அடிச்சிட்டுப் போனதா தகவல் சார், வயசானவங்களாம்" என்றார். எத்தனை வயது என்றேன். தெரியாதாம். உயிரோடா என்றேன். அதற்குள் வேறு போன் வந்துவிட்டது, வைத்துவிட்டார்.

ஐம்பத்திரண்டு வயது வயசானவர் கணக்கில் வருமா? ஜூனில் நானே உனக்கு அப்படி எழுதினேனே, இந்த வயதில் என்று.

சாப்பாட்டுத் தட்டை என் வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குட்டி வந்து, "அப்பா, அத்தைக்கு நீச்சல் தெரியுமா?" என்கிறாள். தெரியாது என்று எப்படிச் சொல்வது? தெரியும் என்றேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

தம்பி

---

ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. நான் நலம். மாமா நலம்.

அடித்துப் போனது கணக்கு டீச்சர். பாலத்தின் மூன்றாவது தூணில் மோதி நின்றார். லாரிக்காரர்கள் கயிறு போட்டு எடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை. மற்ற ஏழு பேரும் கரையேறிவிட்டோம்.

நீ சொன்னதுதான் சரி. நான் இனி விளையாடப் போவதில்லை. இந்த வயதில் அது இல்லாமல் எதுவும் குறைந்துவிடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைக்கலாம், அலமாரியை ஒழுங்குபடுத்தலாம். வேலைக்கு என்ன பஞ்சம்?

மழையில் நனையாதே.

அக்கா

---

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்ற அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறையிலேயே அழுதேன். உதவியாளர் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். டீச்சரம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? நீ சாப்பிடுகிறாயா?

மறுநாள் உன் கடிதத்தை மீண்டும் படித்தேன். அது நான் எழுதின மாதிரி இருந்தது. என் வார்த்தைகளையே எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாய். நீ ஆற்றில் இறங்காதே என்று கேட்டவன்தான் நான். ஆனால் என்னைப் போல ஆகிவிடாதே அக்கா. அதை நினைத்தால் இன்னொரு மாதிரி பயமாக இருக்கிறது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். பழைய அணையில் ஒரு நாள் மூன்று முறை ஊதிவிட்டு ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். தேங்கிய தண்ணீரில் ஒருவர் லாரி டியூபின்மேல் உட்கார்ந்து, காலால் தண்ணீரைத் தள்ளிச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார். சரி, கேட்டுவிட்டது, கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். நானும் கையை ஆட்டினேன். விதிப்படி பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். திறப்பதற்கு முன் இன்னொரு முறை எட்டிப் பார்க்கவில்லை. விசாரணையில் என்மேல் தப்பில்லை என்றார்கள்.

அன்றிலிருந்து யாராவது விளையாடுவதைப் பார்த்தால் போய் நிறுத்திவிடுவேன். குட்டி ஊஞ்சலில் கை ஆட்டினாலும் அப்படித்தான். இதை என் வீட்டுக்காரியிடம்கூட நேற்றுத்தான் சொன்னேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

---

செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று உன் வீட்டுக்காரி தனியாக எழுதியிருந்தாள். சந்தோஷம். மாமாவும் நானும் அப்படியே இருக்கிறோம்.

ஆறு வருஷம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாய். எனக்குச் சொல்லாமல் விட்டாயே என்று முதலில் கோபம் வந்தது. நானும் உனக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன், அதனால் கோபப்படும் தகுதி எனக்கில்லை.

அன்றைக்கு முதல் ஊதல் கேட்டதும் நான்தான் துள்ளிக் குதித்தேன். "என் தம்பிக்குக் கோவம் போயிடுச்சு" என்று கத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கம் மாறினோம். இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. டீச்சர் பந்தைக் கீழே வைத்துவிட்டு, "போர்டுல மூணு ஊதினா ஏறணும்னு போட்டிருக்கு" என்றார். நான் சிரித்தேன். "மூணு வாரம் ஊதலையே டீச்சர், அதுக்குச் சேர்த்து மூணு ஊதறான். அவனப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றேன். நான் உன் அக்கா. என் பேச்சை நம்பினார்கள். மறுபடி ஆடினோம். அன்றைக்கு ஆடியதுபோல் என்றைக்கும் ஆடியதில்லை. அதுதான் எனக்கு இப்போது தாங்க முடியவில்லை.

அப்புறம் நீ நாலாவது ஊதினாய். டீச்சர் என்னைப் பார்த்தார். "மூணு வாரத்துக்கு மூணு. இது எதுக்கு?" என்றார். என் முகத்தைப் பார்த்ததுமே எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். டீச்சரின் முட்டிக்குப் படிகள் ஒத்துழைக்கவில்லை. நான் மேல்படியில் நின்று கையை நீட்டினேன். அவர் விரல் நுனி என் கையில் பட்டது. அப்போது தண்ணீர் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பதினொண்ணு ஒம்போது. எங்க சைடு லீடிங். அத மறந்துராதீங்க" என்றார். மன்னித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. தெருவில் பிள்ளைகள் பந்து ஆடினால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன், தம்பி. கம்பெனியில் பஸ் ஹாரன் கேட்டால் ஊசியை விட்டுவிட்டு எழுந்து நிற்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

---

செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். ஹாரன் கேட்டால் இன்னும் எழுந்து நிற்கிறாயா? டாக்டரிடம் காட்டினாயா?

நாலாவது ஊதல் எந்த விதியிலும் இல்லை. பயத்தில் அழுத்தினேன். நீங்கள் அங்கே ஆடுவது தெரிந்திருந்ததால்தான் எனக்கு அந்தப் பயம் வந்தது என்றும் சொல்லலாம், தெரியவில்லை. நான் படித்தவன் இல்லை, இதற்குமேல் யோசிக்க வரவில்லை. என்ஜினீயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் திறப்பதற்கு முன் பாலத்தடிக்கு ஆள் போய்ப் பார்த்துவிட்டுத் தகவல் சொன்னால்தான் மதகு. எழுத்தில் வாங்கிவிட்டேன்.

போன ஞாயிறு குட்டியை ஊஞ்சலில் ஏற்றினேன். ஐந்து நிமிடம் தள்ளினேன். ஐந்து நிமிடமும் பயந்துகொண்டேதான் தள்ளினேன். அவள், "இன்னும் ஒசரமா, இன்னும் ஒசரமா" என்றாள். கை ஆட்டினாள். நான் பார்வையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கியதும் என் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. மறுநாளும் கேட்டாள். மறுநாளும் தள்ளினேன்.

மழை விட்டுவிட்டது. வருகிற இருபத்தெட்டு ஞாயிறு எனக்கு லீவு. மூன்று பேரும் வருகிறோம். பள்ளி மைதானத்துக்கு நான் அனுமதி கேட்டு எழுதிவிட்டேன். சுவரில் ஏறி உட்காருகிறவர்கள் உட்காரட்டும். உங்களுக்கு ஒரு ஆள் குறைகிறது. எனக்கு எறிபந்து தெரியாது. நின்று பந்தை வாங்கிக்கொள்வேன்.

மாமாவையும் சக்கர நாற்காலியில் கூட்டி வா. மாத்திரை சாப்பிடு.

தம்பி

---

செப்டம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஹாரன் கேட்டால் இன்னும் எழுந்துதான் நிற்கிறேன்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "போங்க. நீங்க ஆடலேன்னா நான் விழுந்தது வீணாப் போயிடும்" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மற்ற ஆறு பேரிடமும் சொன்னேன். பேக்கரிக்காரம்மா மட்டும் யோசித்துவிட்டு, "எனக்கு இன்னும் கனவு வருதுங்க. ஆனா வர்றேன்" என்றார்.

நான் ஆடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. மாமாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பேன். பந்து என் பக்கம் வந்தால் கீழே விடமாட்டேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அங்கே சிமெண்ட் தரை. குட்டிக்கு ஷூ போட்டுக் கூட்டி வா. நீயும் போட்டுக்கொள்.

உன் அக்கா